ஜமக்காளம் வாங்குவதும் பேணுவதும்

நம் நாட்டில் ஜமக்காளம் விரிக்கப்படாத வீட்டு நிகழ்ச்சி இல்லை எனலாம். பெண் பார்க்க வருவோர்க்கு முதலில் விரிக்கப்படுவது அதுவே. திருமணத்தில் உறவினர் அமர்வதும், துக்க வீட்டில் ஊரார் வந்து உட்காருவதும் அதன்மீதே. அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டு தோன்றிய பின், பெட்டியும் சுருட்டிய படுக்கையுமாகச் சிதம்பரம் இரயில் நிலையத்தில் வந்திறங்கிய மாணவர் எத்தனையோ பேர். அப்படுக்கையின் மேலுறையாகவும் விரிப்பாகவும் பயன்பட்டது பெரும்பாலும் ஜமக்காளமே. நம் சங்கங்கள் பலவற்றில் பேரவைக் கூட்டமும் அதன்மீது அமர்ந்தே நடைபெறுகிறது.

இத்துணை நெருங்கிய பொருளை வாங்கும்போது நாம் காட்டும் கவனம் மிகக் குறைவு. ஒரு புடவை எடுக்கப் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், ஜமக்காளத்திற்கு விலையைக் கேட்டு, நிறத்தைப் பார்த்து, சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். அதனால் விளையும் நட்டம் வாங்குவோர்க்கு மட்டுமன்று. அதனை நெய்பவர்க்கும் உண்டு. இரண்டையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டா. பேரவைக் கூட்டத்திற்கும், அங்கத்தினர் வீட்டு விசேடங்களுக்கு வாடகைக்கு விடுவதற்குமாகப் பன்னிரண்டு ஜமக்காளங்களை அச்சங்கம் முந்தைய ஆண்டு வாங்கியிருந்தது. மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டிருந்தன. அவற்றுள் குறைந்ததற்குத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டிருந்தது. ரசீதும் முறையாகக் கோக்கப்பட்டிருந்தது. ரசீதில் "பவானி ஜமக்காளம்" என்று தெளிவாக எழுதியிருந்தது. ஏட்டளவில் ஒரு குறையும் இல்லை.

இருப்பைச் சரிபார்க்க அறையைத் திறந்தபோதுதான் குறை தெரிந்தது. இடையில் ஒரே ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. அதற்குள் நிறம் வெளுத்து, ஓரம் பிரிந்து, நான்கு மூலைகளும் நான்கு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தன. விரித்தால் தரையில் படியவில்லை. நிர்வாகக் குழுவில் இருந்த முதியவர் ஒருவர், இளமையில் நெடுங்காலம் தறியில் உட்கார்ந்தவர், ஒன்றன் மூலையைப் பிடித்துப் புரட்டிக் காட்டினார்.

"சார், மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஜமக்காளம் வாங்கினால் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டாமா?" என்றார்.

முதுகில் நிறமே இல்லை. முன்பக்கத்தில் கண்ட பட்டைகள் நெய்யப்பட்டவை அல்ல, அச்சிடப்பட்டவை. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார். அது எரியாமல் சுருங்கி உருகி, நுனியில் கரிய மணியாக இறுகியது. பருத்தி உருகுவதில்லை.

முந்தைய ஆண்டு அத்தீர்மானத்தைப் படித்து, "குறைந்த விலைப்புள்ளி ஏற்கப்பட்டுள்ளது, முறையானது" என்று குறிப்பு எழுதியது நானே. தாளைப் புரட்டிப் பார்த்த நான், சரக்கைப் புரட்டிப் பார்க்கவில்லை. அதன் பிறகே இப்பொருளைப் பற்றிக் கற்கத் தொடங்கினேன். கற்றவற்றுள் பயன்படத்தக்கவற்றை அங்கத்தினர்க்குக் கூறுகிறேன்.

பவானியில் பிறந்த விரிப்பு

ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானியும் கூடும் இடம் பவானி. சங்கமேசுவரர் கோயில் அமைந்த கூடுதுறை அவ்வூரிலேதான் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய ஆலைத் துணி நம் சந்தைகளில் மலிவாக வந்து குவிந்தது. புடவையும் பிற துணிகளும் நெய்து வந்த நெசவாளர் பிழைப்புக்கு வேறு வழி தேடவேண்டியதாயிற்று. அப்போது பவானியில் வாழ்ந்த ஜங்கமர் என்னும் வகுப்பினர், முரட்டுப் பருத்தி நூலுக்குப் பல நிறச் சாயமேற்றி, தடித்த விரிப்பு நெய்யத் தொடங்கினர். அதுவே ஜமக்காளம். அது பெற்ற வரவேற்பால் அவ்வூர்த் தறிகள் பலவும் படிப்படியாக அதற்கே மாறின. ஆகவே, இயந்திரப் போட்டிக்குக் கைத்தறி கண்ட விடைகளுள் இதுவும் ஒன்று என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

இதில் இரு வகை உண்டு. முதல் வகை முரட்டுப் பருத்தி நூலால் ஆனது. சிவப்பு, நீலம், பச்சை முதலிய நிறங்களில் அகன்ற பட்டைகளைக் கொண்டது. தடித்த நூலில் நுண்ணிய பூவேலை அமைவது அரிது. ஆதலால், கரையில் சித்திரம் அமைக்கச் செயற்கைப் பட்டு நூல் கலந்த மென்மையான இரண்டாம் வகை பின்னர் வந்தது. முதல் வகை உழைப்பதற்கு. இரண்டாம் வகை அழகிற்கு.

பவானி ஜமக்காளத்திற்கு 2005–06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தபின் தமிழ்நாட்டில் தொடக்க காலத்திலேயே அப்பதிவைப் பெற்ற பொருள்களுள் இதுவும் ஒன்று. வேற்றூரில் நெய்ததைப் "பவானி" என்று பெயரிட்டு விற்பதை அச்சட்டம் தடுக்கிறது.

இதற்கும் முற்பட்ட மற்றொரு பாதுகாப்பு, கைத்தறிக்குப் பொருள்களை ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம். இச்சட்டத்தின்படி முதலில் 22 வகைப் பொருள்கள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 வகைகளாகக் குறைக்கப்பட்டன. குறைந்த பட்டியலிலும் ஜமக்காளம் இடம் பெற்றுள்ளது. இச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. எனவே, சட்டம் விவரிக்கும் வகையைச் சேர்ந்த ஜமக்காளத்தை விசைத்தறியில் நெய்வது குற்றமாகும்.

சட்டம் இருந்தும் போலி ஏன் விற்கிறது? வாங்குவோர் இருப்பதால் விற்கிறது. ஆய்வு அதிகாரி எல்லாக் கடைக்கும் செல்ல இயலாது; வாங்குபவரோ எல்லாக் கடைக்கும் செல்கிறார். ஆகவே சட்டத்தின் கடைசிக் காவலர் அவரே.

இரத்தினக் கம்பளம் வேறு

ஜமக்காளத்தையும் இரத்தினக் கம்பளத்தையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். இரண்டும் கையால் ஆன தரை விரிப்புகளே எனினும், ஆக்கும் முறை வேறு. ஜமக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டுமே உண்டு, அது தட்டையானது, இருபுறமும் ஒரே முகம் கொண்டது. இரத்தினக் கம்பளத்திலோ பாவு நூல்களின்மேல் ஒவ்வொரு சிறு நூலாக முடிச்சிட்டு, வரிசைதோறும் ஊடை கொடுத்து இறுக்குவர். முடிச்சின் நுனிகள் மேலெழுந்து மயிர் போல் நிற்கும். இரு பாவு நூல்களையும் சுற்றிக் கட்டுவது துருக்கி முடிச்சு. ஒன்றைச் சுற்றி மற்றதன் பின்னே செல்வது பாரசீக முடிச்சு.

இக்கலை மிகப் பழமையானது. அல்தாய் மலையில் பசிரிக் என்னுமிடத்துப் புதைகுழி ஒன்றில், பனிக்கட்டிக்குள் உறைந்து கெடாமல் இருந்த முடிச்சுக் கம்பளம் ஒன்று 1949இல் எடுக்கப்பட்டது. அது ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். பாரசீகத்தின் அர்தபில் கம்பளம் 1539–40இல் முடிக்கப்பட்டது. ஏறத்தாழ பத்தரை மீட்டர் நீளமும் ஐந்தே கால் மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் உடையது. அது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. நம் நாட்டில் அக்பர் காலத்தில் ஆக்ரா, பத்தேபூர், இலாகூர் ஆகிய இடங்களில் கம்பளக் கூடங்கள் நடைபெற்றன. இன்று உத்தரப் பிரதேசத்துப் பதோஹி வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கைக் கம்பளத்திற்கும் 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதன் விலை ஏன் உயர்ந்தது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஆறடி அகலமும் ஒன்பதடி நீளமும் உள்ள கம்பளத்தின் பரப்பு 7,776 சதுர அங்குலம். அங்குலத்திற்கு நூறு முடிச்சு எனின், மொத்தம் 7,77,600 முடிச்சுகள். ஒருவர் நாளொன்றுக்கு எட்டாயிரம் முடிச்சு இடுவதாகக் கொண்டால், தொண்ணூற்றேழு நாளைய வேலை. விலை மிக மலிவாக இருந்தால், அந்தத் தொண்ணூற்றேழு நாளுக்கு யாரோ கூலி பெறவில்லை. அல்லது அது கையால் ஆனதன்று.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

1. எதற்கு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்க. பலர் நடமாடும் கூடத்திற்கும் வாடகைக்கும் முரட்டுப் பருத்தி வகையே ஏற்றது. பூசை அறைக்கும் கச்சேரி மேடைக்கும் சித்திரக் கரை வகை அழகு தரும். எல்லாவற்றிற்கும் ஒன்றையே வாங்குவது சிக்கனமன்று.

2. புரட்டிப் பார்க்க. உண்மையான ஜமக்காளத்தின் பட்டைகள் இருபுறமும் ஒரே அழுத்தத்தில் தெரியும். ஒருபுறம் ஒளிர்ந்து மறுபுறம் வெளிறியிருந்தால் அது அச்சு வேலை. முடிச்சுக் கம்பளமாயின், முதுகிலும் அதே சித்திரம் முடிச்சு முடிச்சாகத் தெரியவேண்டும். அவற்றில் கைக்கே உரிய சிறு ஏற்றத்தாழ்வும் இருக்கும். முதுகில் துணி ஒட்டியிருந்தால், அது துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்திப் பசையிட்டு ஆக்கியது. முடிச்சுக் கம்பளம் அன்று.

3. முனைக் குஞ்சத்தைப் பார்க்க. கைவேலையில் குஞ்சம் என்பது பாவு நூலின் எஞ்சிய பகுதியே. விரிப்பின் உடலிலிருந்தே வெளிவரும். தனியே தைத்து ஒட்டிய குஞ்சம் இயந்திர வேலையின் அடையாளம்.

4. தரையில் விரித்துப் பார்க்க. நான்கு மூலையும் படியவேண்டும். இரு நீளங்களையும் இரு அகலங்களையும் அளந்து ஒப்பிடுக. ஒரு விரற்கடை வேறுபாடு கைத்தறிக்கு இயல்பு. ஒருபுறம் கை அகலம் நீண்டிருந்தால் பாவின் இழுப்பு சமமாக இல்லை என்பது பொருள். அது பின்னர் ஒருபோதும் நேராகாது.

5. உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க. கஞ்சி மிகுதியாக ஏற்றிய சரக்கில் வெண்பொடி உதிரும். முதல் சலவையில் அந்தக் கஞ்சியோடு கனமும் போய்விடும். எடை நூலால் வரவேண்டும், கஞ்சியால் வரக்கூடாது.

6. நனைத்த வெள்ளைத் துணியால் சிவப்புப் பட்டையையும் நீலப் பட்டையையும் தேய்க்க. துணியில் நிறம் ஏறினால் சாயம் நில்லாது. உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று கடைக்காரர் சிலர் கூறுவர். சாயம் ஏற்றும்போதே பிடிக்காத நிறத்தை, வீட்டில் இடும் உப்பு பிடிக்கச் செய்யாது.

7. குஞ்சத்திலிருந்து ஓரிழை கேட்டு எரித்துப் பார்க்க. பருத்தி தாள் எரிந்த மணத்துடன் எரிந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். கம்பளி மயிர் கருகும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகி மணியாக இறுகும். செயற்கைப் பட்டாகிய விஸ்கோஸ் நூலும் பருத்தியைப் போலவே எரியும்; ஆதலால் சித்திரக் கரை வகைக்கு இச்சோதனை மட்டும் போதாது.

8. முத்திரையையும் ரசீதையும் கேட்க. 2006ஆம் ஆண்டு முதல் கைத்தறிக் குறி என்னும் முத்திரை நடைமுறையில் உள்ளது. பருத்தி நூலால் விசைத்தறியில் நெய்த சரக்கு இருபுறமும் ஒன்றாகவே இருக்கும்; நன்றாகவும் எரியும். கண்ணாலும் தீக்குச்சியாலும் அதனை வேறுபடுத்துவது நெசவாளர்க்கே எளிதன்று. அங்கே துணை செய்வன முத்திரையும், பொருளின் வகையைத் தெளிவாகக் குறித்த ரசீதும், விற்பவரின் நாணயமுமே. எனவே, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ, 1935ஆம் ஆண்டு தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் விற்பனை நிலையத்திலோ வாங்குவது நலம்.

பேணும் முறை

நல்ல சரக்கை வாங்கியபின் அதனைக் கெடுப்பவர் நாமே. கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் விரிப்புக்கு மூன்று பகைவர் உண்டு: மணல், வெயில், ஈரம்.

மணல்: கடற்கரை சார்ந்த நம் ஊர்களில் காலோடு வரும் நுண்மணல் இழைகளுக்கிடையே இறங்கி, மிதிக்குந்தோறும் அரம் போல் அறுக்கும். எனவே, கூட்டம் முடிந்ததும் அப்படியே சுருட்டலாகாது. இருவர் இரு முனையையும் பற்றி உதறி, தலைகீழாகப் போட்டுப் பிரம்பால் மெல்லத் தட்டி, பின்னரே சுருட்டவேண்டும். முடிச்சுக் கம்பளத்தைத் தடியால் பலமாக அடித்தல் கூடாது; மயிர் படிந்த திசையிலேயே பெருக்குக. தூசி உறிஞ்சும் கருவியைக் குஞ்சத்தின்மேல் செலுத்தாதீர்.

வெயில்: முன்னே கூறிய அர்தபில் கம்பளத்தின் நிறம் மங்காதிருக்க, அருங்காட்சியகத்தார் மணிக்கு இருமுறை, பத்துப் பத்து நிமிடம் மட்டுமே அதன்மேல் விளக்கேற்ற ஏற்பாடு செய்தனர். நாமோ விரிப்பைச் சித்திரை வெயிலில் காலை முதல் மாலைவரை மாடிச் சுவரில் தொங்கவிடுகிறோம். ஈரம் போக்க இளவெயில் சிறிது நேரம் போதும். சன்னலருகே நிலையாக விரித்திருப்பதை ஆறு மாதத்திற்கு ஒருமுறை முன்பின்னாகத் திருப்பிப் போட்டால், நிறமும் தேய்மானமும் ஒரு பக்கமே விழாமல் பங்கிடப்படும்.

ஈரம்: வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சிமெண்டுத் தரை தானே வியர்க்கும். அத்தரையில் சுருட்டி வைத்தது அடியிலிருந்தே பூசணம் பிடிக்கும். மரப் பலகைமீதோ மூங்கில் பரண்மீதோ வைக்கவேண்டும். மடிக்காமல், மூங்கில் கழியில் உருட்டிச் சுற்றி, பழைய வேட்டியால் போர்த்துக. ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் மடிப்பு விழுந்த இடத்தில் இழை அறும். பிளாஸ்டிக் உறையில் கட்டிவைப்பது காப்பாகத் தோன்றினும், உள்ளீரத்தை அடைத்துப் பூசணத்தை வளர்ப்பதே அதன் பயன். மழை விட்ட நாளில், மாதம் ஒருமுறையேனும் பிரித்துக் காற்றாட விடுக.

பூச்சிகளுள் அந்துப்பூச்சி நாடுவது கம்பளியை, பருத்தியை அன்று. கஞ்சி ஏறிய பருத்தியை வெள்ளிப் பூச்சியும் கரப்பானும் அரிக்கும். தரையோடு கிடந்தால் கறையானும் ஏறும். உலர்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து வைக்கலாம். அந்துருண்டை வைப்பதானால் அது இழையைத் தொடாதவாறு பொட்டலமாக வைக்கவும். எல்லாவற்றிலும் மேலான மருந்து, அடிக்கடி பிரித்துப் பார்ப்பதே.

சலவை: அடிக்கடி துவைக்க வேண்டுவதில்லை. துவைக்குமுன் நன்கு உதறுக. குளிர்ந்த நீரும் மென்மையான சோப்பும் போதும். வெந்நீரும் வெளுப்புத் தூளும் ஆகா. கல்லில் அடித்தலும் முறுக்கிப் பிழிதலும் கூடா. செயற்கைப் பட்டு நூல் நனைந்த நிலையில் வலிமை குன்றும். அவ்வகைக்கு இவ்வெச்சரிக்கை இரு மடங்கு வேண்டும். மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தால் ஒருபக்கம் நீண்டுவிடும். சாய்ந்த திண்ணையிலோ, இரண்டு மூன்று மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய பரப்பிலோ, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்துக.

கறை: எண்ணெய் சிந்தினால் தேய்க்காமல், உடனே கடலை மாவைத் தூவி, அது எண்ணெயை உறிஞ்சியபின் தட்டிவிட்டுச் சோப்பு நீரால் ஒற்றி எடுக்கவும். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும், அஞ்ச வேண்டா, அலசி இளவெயிலில் வைத்தால் மங்கிவிடும். எந்தக் கறையாயினும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றவேண்டும்.

வெள்ளம்: 2011 டிசம்பர் 30ஆம் நாள் கரை கடந்த தானே புயலையும், 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும் நம் மாவட்டத்தார் மறந்திரார். அத்தகைய காலத்தில் சேற்றுநீர் புகுந்த விரிப்பை, சேறு காயட்டும் என்று விட்டுவைத்தலாகாது. காய்ந்த சேறு இழைக்குள் இறுகிவிடும். ஈரம் உள்ளபோதே நல்ல நீரில் பலமுறை அலசி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாதபடி தனித்தனியே விரிக்கவும்.

சங்க நிர்வாகிகளுக்குச் சில சொற்கள்

சங்கத்திற்காக வாங்கும்போது, "ஜமக்காளம் பன்னிரண்டு" என்று மட்டும் தீர்மானத்தில் எழுதுவது போதாது. நூலின் வகை, நீள அகலம், ஒன்றன் எடை, கைத்தறிக் குறி ஆகியவற்றைக் குறிப்பிட்டே விலைப்புள்ளி கேட்கவேண்டும். ஒரே தரத்துச் சரக்குகளுக்குள்தான் குறைந்த விலை என்பதற்குப் பொருள் உண்டு. ஒப்புக்கொண்ட மாதிரி ஒன்றில் குழுவினர் கையொப்பமிட்ட சீட்டைத் தைத்து வைத்துக்கொண்டு, வந்த சரக்கை அதனோடு ஒப்பிட்டபின்னரே பணம் பட்டுவாடா செய்க. குறிஞ்சிப்பாடி முதலிய நெசவூர்கள் நம் மாவட்டத்திலேயே உள்ளன. தறி அறிந்த அங்கத்தினர் ஒருவரை உடன் வைத்துக்கொள்வதில் சிரமம் இராது. நிர்வாகக் குழுவிலேயே அத்தகையவர் இருந்தும் அவரிடம் ஒரு சொல் கேளாததே முன்னர்க் கூறிய சங்கத்தின் தவறு.

மலிவு என்பது எது? கணக்கிற்காக ஒன்று கொள்வோம். எண்ணூறு ரூபாய் விரிப்பு இரண்டு ஆண்டு உழைத்தால், ஆண்டொன்றுக்கு நானூறு ரூபாய் ஆகிறது. இரண்டாயிரத்து நானூறு ரூபாய் விரிப்பு பன்னிரண்டு ஆண்டு உழைத்தால், ஆண்டொன்றுக்கு இருநூறு ரூபாயே. விலையை ஆண்டால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் விரிப்புக்கு மட்டுமன்று, சங்கம் வாங்கும் எல்லாப் பொருளுக்கும் வேண்டும்.

வாடகைக்கு விடும் ஜமக்காளங்களுக்கு எண்ணிட்டு, போகும்போதும் வரும்போதும் நிலையைப் பதிவேட்டில் குறிக்கவும். ஓரத்தில் ஓரிழை பிரிந்திருப்பதைக் கண்ட அன்றே அதே தடிப்புள்ள நூலால் தைத்துவிட்டால் செலவு சிறிது. ஓராண்டு விட்டால் விரிப்பே போய்விடும்.

நீரும் நூலும்

கூடுதுறையில் காவிரியோடு கலக்கும் பவானி நீர், கொள்ளிடம் வழியே கீழணைக்கு வந்து, வடவாற்றின் மூலம் வீராணம் ஏரியை அடைந்து நம் வயல்களுக்குப் பாய்கிறது. அங்குள்ள நெசவாளர் தறிக்குச் செல்லுமுன் பார்க்கும் ஆறே இங்குள்ள உழவர் மடை திறக்கும்போது வருகிறது. நம் நெல்லுக்கு உரிய விலை கிடைக்கவேண்டும் என்று நாம் கேட்கிறோம், அது நியாயமே. அந்த நியாயம் நம் கூடத்தில் விரிக்கப்படும் பொருளுக்கும் பொருந்தும். பவானியில் தறியில் உட்காருவோர் தொகை குறைந்து வருகிறது. பிள்ளைகள் வேறு வேலை தேடுகின்றனர். கூலி கட்டுபடியாகாததே அதற்குத் தலையாய காரணம். போலி விரிப்பு ஒன்றை நாம் வாங்கும்போது நம் பணம் வீணாவதோடு, அங்கே ஒரு தறியின் சில நாளைய வேலையும் நின்றுபோகிறது. அவரும் நம்மைப் போலவே ஒரு சங்கத்தின் அங்கத்தினர். அவர் சங்கத்துக் கிடங்கில் தேங்கும் சரக்கு நாம் வாங்காமல் விட்டதே.

முன்னர்க் கூறிய சங்கம் மறு ஆண்டு ஆறே ஆறு ஜமக்காளங்களைப் பவானி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிலிருந்து நேரே வருவித்தது. பன்னிரண்டுக்குக் கொடுத்த தொகையைவிட அது சற்று அதிகமே. பிரித்துப் பார்த்த அன்று, அம்முதியவர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்த பின்னரே நிர்வாகக் குழு ரசீதில் கையொப்பமிட்டது. சென்ற பேரவைக் கூட்டத்திற்கும் அந்த ஆறுமே விரிக்கப்பட்டிருந்தன. நிறம் சிறிது அடங்கியிருக்கிறது. மூலைகள் தரையில் படிந்தே கிடக்கின்றன. பழைய பன்னிரண்டும் கிடங்கில் உர மூட்டைகளுக்கு அடியில் போடப்பட்டுள்ளன. இருப்பைச் சரிபார்க்கச் செல்லும் ஒவ்வோர் ஆண்டும் அவை என் கண்ணில் படுகின்றன. அவற்றைக் கண்டபின், எந்தச் சரக்கையும் புரட்டிப் பாராமல் குறிப்பு எழுத எனக்குக் கை வருவதில்லை.